பிடித்த கை

ஃபெஸ் நகரத்துச் சந்துகளில் என் வீட்டுக்காரர் இத்ரீஸ் வழி தெரிந்தவர்போல் நடந்தார். அதே பித்தளைக்கடை மூன்றாவது முறை வந்ததும் நான் நின்றுவிட்டேன்.

"யாரையாவது கேட்டா கௌரவம் கொறஞ்சிடுமா?"

"லீவுக்கு வந்த எடத்துலயும் ஆரம்பிச்சிட்டியா?"

"ஒதுங்கு, ஒதுங்கு" என்று பின்னால் ஒருவன் கத்தினான். தோல்மூட்டை ஏற்றிய கோவேறு கழுதை வந்தது. கூட்டம் மொத்தமும் சுவரோடு ஒட்டியது. நெரிசலில் மகள் ரீமின் கை நழுவியது. துழாவிப் பிடித்து அணைத்துக்கொண்டேன்.

கழுதை கடந்தது. "பயந்துட்டியா, கண்ணு?" என்று குனிந்தேன்.

அது ரீம் இல்லை. அதே உயரம், அதே பச்சை அங்கி. "எங்கம்மா எங்க?" என்று கேட்டாள்.

இரண்டு பக்கமும் பார்த்தேன். பிள்ளையைத் தேடி ஒரு தாயும் ஓடி வரவில்லை. அப்படியென்றால் இவள் அம்மாவும் ஒரு கையைப் பிடித்துக்கொண்டுதான் போய்க்கொண்டிருக்கிறாள்.