ஹெப்சியின் சாம்பார்த் தூக்குகள்

1

இந்தக் கதை என் சமையலறையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு எவர்சில்வர் தூக்கிலிருந்து கிளம்பியது. தூக்கு என்னுடையதல்ல. இரும்புலியூரில் இட்லிக்கடை நடத்தும் ஹெப்சியுடையது.

2

முதல் தொடக்கம்: ‘ஜிஎஸ்டி சாலையில் பொழுது புலர்ந்தபோது…’ வேண்டாம். அங்கே பொழுது புலர்வதை யார் பார்த்தார்கள்? எல்லோரும் ரயிலுக்கு ஓடுகிறார்கள்.

இரண்டாவது: பிளாஸ்டிக் பையில் சாம்பார் கட்டியதற்கு ஹெப்சி ஒருமுறை அபராதம் கட்டிவிட்டாள். மறுமுறை பிடிபட்டால் கடைக்குச் சீல். இதுவே போதும்.

(மக்கும் டப்பாவைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். டப்பா விலைக்கு இன்னும் இரண்டு இட்லி வைத்துவிடலாம் என்பதுதான் அதன் சாரம்.)

ஆகவே ஹெப்சி சீட்டுப் பணத்தை எடுத்துத் தூக்குகளாக வாங்கி அடுக்கினாள். சாம்பார் வாங்கிப் போகிறவர்கள் கழுவித் திருப்பித் தந்தால் போதும் என்றாள்.

3

போன தூக்கு ஒன்றும் திரும்பவில்லை. ஒரே வாரத்தில் அலமாரி காலி.

“இன்னா ஜனங்க சார் இது! நம்பிக் குட்த்தேன். நாளைக்கு சாம்பார எதுல ஊத்துறது? கடைய மூடிக்கினு துணிக்கடை வேலைக்குப் போவ வேண்டியதுதான்” என்றாள் ஹெப்சி.

இங்கே ஒரு திருடனை நுழைக்கப் பார்த்தேன். ஊரப்பாக்கத்திலிருந்து பைக்கில் வருகிறவன், தடித்த மீசை, கண்ணில் ஒரு—

இல்லை. எனக்கே நம்பிக்கை வரவில்லை. தூக்குகள் எல்லாம் எங்கள் காலனியில்தான் இருந்தன. எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் மாமியிடம் கேட்டேன்.

“நன்னாருக்கே! வெறும் தூக்கை எப்படிப்பா திருப்பிக் குடுக்கறது? ஏதாவது போட்டுத் தரணுமோல்லியோ? மாவடு போட்டிருக்கேன், இன்னும் ஊறலை.”

கடைப் பாத்திரத்துக்கும் பக்கத்து வீட்டு மரியாதை! வீட்டுக்கு வீடு இதே கதைதான்.

4

காலனி வாட்ஸப் குழுவில் எழுதினேன்: ‘ஹெப்சி கடையை மூடப் போகிறாள். ஊறினது போதும், தூக்கைக் கொடுங்கள்.’

மறுநாள் காலை வந்தன ஐயா, வந்தன! முருங்கைக்கீரையோடு, கறிவேப்பிலையோடு, எலுமிச்சையோடு, பாதி ஊறிய மாவடுவோடு. அடுத்த தெரு லக்ஷ்மிநாராயணன் சார் ஒரு முழுத் தேங்காயைத் திணித்திருந்தார், மூடி மூடவில்லை. (எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுத்தாளன் இப்படிக் குதிக்கக் கூடாது என்பார்கள். குதிக்கிறேன்.)

ஹெப்சி அழுதுகொண்டே சிரித்தாள். “சட்னிக்கு மார்க்கெட்டே போவத் தேவையில்ல சார்! எந்த ஆபீசரு வேணா வரட்டும், அவருக்கும் தூக்குலயே ஊத்தித் தரேன்!”

5

முடிவு ஒன்று: கோவிலம்பாக்கத்தில் ஹெப்சியின் இரண்டாவது கடை. அவசரப்படுகிறேன்.

முடிவு இரண்டு: மேடை, பொன்னாடை, விருது. அடித்துவிட்டேன்.

இன்னும் ஒரே ஒரு தூக்குதான் பாக்கி, என்னிடம் இருப்பது. என் வீட்டில் மரமும் இல்லை, ஊறுகாய் ஜாடியும் இல்லை. வெறுமனே கொடுக்க எனக்கும் மனம் வரவில்லை. அதனால் இந்தக் கதையை மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். முடிவு மட்டும் குறைகிறது. உங்களிடம் ஒன்று இருந்தால் போடுங்கள். எலுமிச்சம்பழம் என்றாலும் சரி.