காதில் இருந்த தில்பாக்

அமெரிக்காவின் அரிசோனாவில், லாரிகளை நிறுத்திச் சோதிக்கும் எடைமேடையில் அதிகாரி கையசைத்து ஓரங்கட்டச் சொன்னதும் நிர்வைர் சிங் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பத்தொன்பது வருடமாக லாரி ஓட்டுகிறார், ஒரு கீறல் விழுந்ததில்லை. இப்போது புதுக் கெடுபிடி: ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வண்டி அங்கேயே நிற்கும். ஆள் வேலையில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நாள் முழுக்கக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, நாலு மாநிலத்தில் ஓடும் பஞ்சாபி டிரைவர்கள் ஒரே அழைப்பில் அரட்டை அடிப்பார்கள். அதில் வாயாடி தில்பாக்தான் இந்தச் சோதனையைச் சமாளிக்க ஒரு ஏற்பாடு செய்திருந்தான். நிர்வைரை அவன் பஞ்சாபியில் 'பாஜி', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவான்.

"பாஜி, நீ வாயை மட்டும் அசை. காதுல நான் ஓதுறேன். நான் பன்னெண்டாவது பாஸ், மறந்துடாதே."

அதிகாரி ஜன்னலைத் தட்டினார். "காதுல இருக்கறதைக் கழட்டி வச்சுட்டு இறங்கி வாங்க. போன் உதவி கூடாது."

நிர்வைர் அதைக் கழற்றி ஸ்டியரிங் மேல் தொங்கவிட்டார். கீழே இறங்கினார். இவ்வளவு தனியாக அவர் என்றுமே நின்றதில்லை.

"எங்கேருந்து வர்றீங்க? என்ன சரக்கு?"

"யூபா சிட்டி. பீச் பழம். நாப்பது டன்..." நாக்கு குழறியது. "இல்ல, இருபது டன்."

அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு சாலைப் பலகையின் படத்தை நீட்டி, என்ன அர்த்தம் என்று கேட்டார். நிர்வைர் ஆயிரம் தடவை பார்த்த பலகை; பார்த்ததுமே பதில் வந்தது.

"இடது பாதை மூடியிருக்கு. ரெண்டு மைல் தூரத்துல. நான் இப்பவே வலது பக்கம் போவேன். கடைசி நிமிஷத்துல போனா கார்க்காரன் ஹாரன் அடிப்பான்."

சொல்லி முடித்த பிறகுதான் இத்தனை ஆங்கிலம் தன் வாயிலிருந்து வந்தது அவருக்கே உறைத்தது. அதிகாரி காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார். "பத்திரமாப் போங்க."

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மூச்சு தாராளமாக வந்தது. சாமிக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு இயர்போனை மாட்டினார். தில்பாக் இன்னும் கிசுகிசுத்துக் கொண்டிருந்தான்.

"பயப்படாதே பாஜி, நான் இருக்கேன். சொல்லு, டெக்சஸ்லேருந்து வெங்காயம் ஏத்திட்டு வர்றேன்..."

"வெங்காயம் போன வாரம்டா, கழுதை!" என்று கத்தினார் நிர்வைர்.

அழைப்பில் இருந்த இருபது பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நிர்வைருக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார்.