வேல் மூன்று துண்டான கதை

லிங்கம் ஸ்டிக்கரின் வேண்டாத பகுதியை உரித்தபோது, மயிலின் கழுத்தோடு சேர்ந்து வேலும் மூன்று துண்டாகக் கையோடு வந்துவிட்டது. பதுளை பஜாரில் பதினெட்டு வருடமாக ஸ்டிக்கர் வெட்டும் கட்டர் மெஷின் ஓட்டுபவர் அவர். லொறியோடு வாசலில் நின்ற சுரேன் பார்த்துவிடாதபடி துண்டுகளைச் சுருட்டி மேசைக்கடியில் போட்டார். பின்னேரம் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் திருவிழா. சாமி ஏறப்போகிற லொறியின் நெற்றியில் வேலும் மயிலும் ஒட்ட வேண்டும். தங்க நிற ஸ்டிக்கரோ இன்னும் ஒரு தடவை வெட்டத்தான் மிச்சம்.

கடையில் ஆறு வருடம் வேலை செய்த பிரஷாந்தினி போன வருடம் விலகிப்போய், அப்புத்தளையில் சொந்தமாக மெஷின் போட்டாள். இணையத்தில் சும்மா கிடைக்கும் இன்க்ஸ்கேப் என்ற சாப்ட்வேரில்தான் படம் வரைகிறாள் என்று கேள்விப்பட்டதும், "அது பழகுற புள்ளைங்க வெளையாடுறது. தொழில் செய்றவன் தொடமாட்டான்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார் லிங்கம். சொன்ன வாய் மூடுவதற்குள் அவருடைய திருட்டு சாப்ட்வேர் திறக்க மறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவரும் அதையேதான் இறக்கினார். திரையை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

திரையில் கறுப்பு மயில், கழுத்துக்குக் குறுக்கே கறுப்பு வேல். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எங்கே பிழை என்று பிடிபடாததில் அவருக்குத் தன் மேலேயே எரிச்சல்.

"ஆகிருச்சா மொதலாளி? பூசாரி போன் மேல போன் அடிக்கிறாரு" என்றான் சுரேன்.

இன்னொரு தடவை கெட்டால் லொறி மொட்டை நெற்றியோடு போகும். தோட்டம் முழுக்க அதே பேச்சாக இருக்கும். லிங்கம் பிரஷாந்தினியை அழைத்தார்.

"வேலு துண்டு துண்டா வருதும்மா."

"எதுல வரையிறீங்க மொதலாளி? ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி."

சுரேன் மேசையருகே வந்துவிட்டான். லிங்கம் அவனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"இன்க்ஸ்கேப்புல."

சிரிக்கப்போகிறாள் என்று காதைப் போனிலிருந்து கொஞ்சம் விலக்கிக்கொண்டார்.

"நெறத்த எடுத்துட்டுக் கோட்ட மட்டும் பாருங்க" என்றாள் அவள்.

பார்த்தார். மயிலின் கோடு வேலுக்குள்ளும் வேலின் கோடு கழுத்துக்குள்ளும் ஓடின. கறுப்பின் மேல் கறுப்பில் கண்ணுக்குத் தெரியாத கோடுகளையெல்லாம் கத்தி விடாமல் வெட்டியிருந்தது.

"ரெண்டையும் புடிச்சி யூனியன் குடுங்க, ஒரே கோடாயிரும். இதுல மொத மாசம் நானும் நாலு சீட்ட நாசமாக்குனேன்."

லிங்கம் திரையை நேராகத் திருப்பிவைத்து, அவள் சொன்னபடி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு மெஷினைத் தட்டினார். கத்தி தோகையில் தொடங்கி, கழுத்தோரம் ஏறி, வேலின் நுனியைச் சுற்றி இறங்கியது. போனை இரண்டு பேருமே வைக்கவில்லை. அந்தப்பக்கம் அவளுடைய மெஷினும் எதையோ வெட்டிக்கொண்டிருந்தது.