நாலு கட்டத்துப் பிள்ளை

சுப்பராயனுக்குப் பெண் பிறந்து ஏழு வருஷம் ஆகியும் அவளுக்கு வயது ஆறைத் தாண்டவில்லை. பெயர் மிட்டு. ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், அவன் வரையும் நாலு கட்டத்துக்குள் அவள் வாழ்ந்துவந்தாள். முதல் கட்டத்தில் ஏதாவது கேட்பாள். இரண்டாவதில் அப்பா திருதிருவென்று விழிப்பார். மூன்றாவதில் அம்மா கரண்டியோடு ஓடி வருவாள். நாலாவதில் மூன்று பேரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அந்த வீட்டில் காய்ச்சல் கிடையாது, மூக்கு ஒழுகாது. அழுதால்கூட மூன்று சொட்டுக் கண்ணீர் அழகாகத் தெறித்துக் காற்றில் நிற்கும். இப்படி ஒரு குடும்பம் எந்த ஊரில் இருக்கிறது என்று ஒருவரும் கடுதாசி போட்டுக் கேட்டதில்லை.

பிழைப்புக்கு அவன் மண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். ஸ்ரீபெரும்புதூரில் வாடகை வீடு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். பிள்ளை வேண்டி அவனும் மனைவி மஞ்சுளாவும் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. 1991-இல் காலாண்டுப் பரீட்சை லீவு நெருங்கும்போது, மணிமங்கலத்தில் இருந்த அவன் அக்கா மீனம்மாள் தானாகவே பேச்சை எடுத்தாள்.

"எனக்கு நாலு பொண்ணு கீது தம்பி. மூணாவது சசிரேகாவ நீயே வச்சிக்க. லீவுக்குப் பத்து நாள் உன் வூட்ல இருக்கட்டும். அவளுக்கும் இஷ்டம்னா அங்கியே இஸ்கூல்ல சேத்துடு."

சுப்பராயனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மிட்டு போடும் சிவப்புப் புள்ளிக் கவுன் ஒன்று தைத்துவைக்க வேண்டும் என்று டெய்லர் ரத்தினத்திடம் ஓடினான்.

"கொய்ந்தய இட்டுகினு வா சார், அளவு எடுக்கணும்."

"அளவெல்லாம் எனக்கு அத்துப்படிப்பா" என்றான் சுப்பராயன். ஏழு வருஷமாக வரைகிறவன் அல்லவா! மிட்டுவை ஸ்கேல் வைத்து அளந்தான். சசிரேகாவுக்கும் அதே ஆறு வயது; அந்த உயரத்துக்குப் பெருக்கினான். அம்புக்குறி போட்டு, அங்குலம் எழுதி, கம்பெனி டிராயிங் மாதிரியே ஒரு தாளைக் கொடுத்தான். ரத்தினம் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு தைத்தார்.

சசிரேகா வந்த அன்றைக்கே கவுனைப் போட்டுப் பார்த்தார்கள். கழுத்து இரண்டு தோளையும் தாண்டி முழங்கைக்கு வழுக்கியது. நீளம் இடுப்போடு நின்றது. மிட்டுவுக்கு உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலை. எந்த அம்மா பெற்ற பிள்ளைக்கு அப்படி இருக்கும்? மஞ்சுளா சிரித்துச் சிரித்து, பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"ஏங்க, ஒரு கொய்ந்தய நீங்க கிட்டத்துல பாத்ததே இல்லியா?"

அவன் குனிந்து கவுனின் கழுத்தைத் தோளுக்கு இழுத்துவிட்டான்.

சசிரேகா அப்போதும் சிரிக்கவில்லை. எதற்கும் அடம் பிடிக்கவில்லை. தட்டில் போட்டதைப் பருக்கை விடாமல் சாப்பிட்டாள். தண்ணீர் குடிக்கக்கூட உத்தரவு கேட்டாள். எப்போது குறும்பாக ஏதாவது சொல்வாள் என்று சுப்பராயன் நோட்டும் பென்சிலுமாகப் பக்கத்திலேயே சுற்றினான். "இன்னா யோசிக்கிற கண்ணு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா" என்பாள்.

ஐந்தாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் வாந்தி எடுத்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். மூக்கும் கண்ணும் ஒழுக, விக்கி விக்கி ஒரு மணி நேரம். அடுத்த கட்டத்துக்குத் தாவ அங்கே வழி இல்லை. சுப்பராயன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தான். ஒருவழியாக அவள் தூங்கியபோது சட்டை நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. இவள் தனக்கே வேண்டும் என்று ஆசைப்பட்டான். அந்த ஈரம் காயும்வரை சட்டையை மாற்றவில்லை.

பத்தாம் நாள் மீனம்மாள் வந்தாள். "இன்னாடி, மாமா வூட்லயே இருக்கியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"இருக்கேம்மா" என்றாள் சசிரேகா.

பன்னிரண்டு வருஷமாக அவன் காத்திருந்த வார்த்தை. மஞ்சுளா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் பிள்ளை, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தது. அம்மாவின் முந்தானையை அது கசக்கிப் பிடித்திருந்ததையும் சுப்பராயன் பார்த்துவிட்டான். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"இட்டுகினு போக்கா" என்றான்.

"இன்னாடா இது, புள்ள எதனா தப்பு பண்ணிச்சா?"

"ஒண்ணும் பண்ணலக்கா. பத்து நாளா ஒரு தப்புகூட பண்ணல."

மஞ்சுளா கையை விட்டாள். உள்ளே போய்ப் பிள்ளையின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

தாம்பரம் பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டுத் திரும்பியவன் நெடுநேரம் முகம் கழுவினான். மஞ்சுளா அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

"போறப்ப அழுதாளா?"

"அழல. ஜன்னல் சீட்டு வேணும்னு அக்காவப் போட்டு அடிச்சா."

"அடிச்சாளா?" மஞ்சுளா ஈரக் கையோடு வெளியே வந்தாள். "சசிரேகாவா? எப்படி அடிச்சா, சொல்லுங்க."

கத்தியதை, காலை உதைத்ததை, முதுகில் ஒரு அறை வாங்கியதை, வாங்கியும் விடாமல் அம்மாவின் மடிமேல் ஏறி மிதித்துக்கொண்டு ஜன்னலைப் பிடித்ததை, சுப்பராயன் ஒன்றுவிடாமல் சொன்னான். கேட்டு முடித்ததும், இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள் மஞ்சுளா.