மாட்டுக்கொட்டகை டம்ளர்

ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில் சமத்துவம் என்று ஒரு பாடம். அதற்குத் துணைக்கருவியாக மேலிடத்திலிருந்து வந்தது, குழந்தைகள் கைகோத்து நிற்கும் ஒரு படம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? "வேலைக்கு வர்றவங்களுக்கு உங்க ஊட்ல எதுல டீ குடுக்கறீங்களோ அதைக் கொண்டாங்க. நீங்க குடிக்கறதையும் கொண்டாங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

கருமத்தம்பட்டிப் பக்கம் சொந்தத் தோட்டம் வைத்து ஆள்விட்டு வேலை வாங்கும் சென்னியப்பனின் மகள் தாரணி, மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகியிருந்த டம்ளரையும் சமையலறை டம்ளர் ஒன்றையும் கொண்டுவந்தாள். இரண்டும் அவள் அம்மாவின் கல்யாணச் சீர். இரண்டிலும் ஒரே பெயர் வெட்டியிருந்தது. எது யாருக்கு என்று வகுப்பைக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. தாரணி சிரித்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் இரண்டையும் கழுவிச் சமையலறையிலேயே கவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் சென்னியப்பன் வகுப்புக்குள் வந்து ஒரு சாக்கைத் தரையில் கொட்டினார். வீட்டு டம்ளர்கள் அத்தனையும் உருண்டோடின. பின்னால் தாரணி நின்றாள். பெல்ட்டடியில் கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது.

"ஏனுங்க டீச்சர், இதுல எது கொட்டாய் டம்ளருன்னு எடுத்துக் குடுங்க. அந்தக் கருமத்தை வீசிப்போட்டு மத்ததைக் கொண்டுபோறனுங்க. இல்லாட்டி இவ படிப்பு இன்னைக்கோட முடிஞ்சதுங்க."

எங்கள் ஊரில் அடிக்க வருகிறவன் பேச்சிலும் மரியாதை குறையாது.

"எல்லாம் ஒண்ணுதானுங்களே" என்றேன்.

மரியாதை அங்கேயே முடிந்தது. என் கொண்டையைப் பிடித்துக் கரும்பலகையில் மோதினார். "உன்ற ஆத்தா எங்க கொட்டாயில குடிச்சவதான்டி. உனக்கா தெரியாது?"

என் அம்மா குடித்தவள்தான். அந்த ஆளைக் கொன்றுபோடும் வெறி வந்தது. ஆனால் தாரணி ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் படிக்க வேண்டும். மூக்கில் ரத்தம் ஒழுகக் குனிந்தேன். கைக்குக் கிடைத்த டம்ளரை எடுத்து, "இதுதானுங்க" என்று பொய் சொன்னேன்.

சென்னியப்பனுக்கு மூச்சு வந்தது.

"அது இல்லீங்கப்பா" என்றாள் தாரணி. "தோட்டத்துக்கு டீ கொண்டுபோறப்ப கைக்குக் கெடைச்ச டம்ளரத்தான் எடுத்துட்டுப் போவேன். வேலைக்கு வர்ற வள்ளியாத்தாக்கா எல்லாத்துலயும் குடிச்சிருக்காங்க. கழுவிப்போட்டு நாமளும் அதுலதான் குடிக்கறமுங்க."

அவர் முதலில் தன் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அப்புறம் என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி அவள் முகத்தில் அடித்தார். மறுபடியும் மறுபடியும் அடித்தார். பிள்ளைகள் அலறிக்கொண்டு மேலே விழுந்து இழுத்த பிறகுதான் நின்றது. "இவ இனி என்ற ஊட்டு வாசலை மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளரைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

தாரணியை மடியில் சாய்த்து, முந்தானையால் உதட்டை அழுத்திப் பிடித்தேன். உடைந்த பல் என் கையில் வந்தது. அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

"அம்மா சொல்லி மறுபடி ஊட்டுக்குள்ள சேத்துக்கிட்டா, எனக்கும் கொட்டாயிலதான் டம்ளர் வெப்பாங்களா மிஸ்?" என்று கேட்டாள்.