இரண்டு மடங்கு இதயம்

எங்கள் வீட்டில் சாவி மாட்டுவது ஒரு மாட்டின் முதுகெலும்பில். பேப்பர் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு குதிரைக் குளம்பு. எல்லாம் பிளாஸ்டிக்தான். கால்நடை மருத்துவக் கல்லூரியில் முப்பரிமாண அச்சு இயந்திரம் ஓட்டுகிறேன். ஸ்கேன் எடுத்த எலும்பையும் உறுப்பையும் அதே உருவத்தில் அச்சடித்துக் கொடுப்பேன். மாணவர்கள் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் படிப்பார்கள். கோணலாக வந்தவை வீட்டுக்கு வந்து சேரும். "இது வீடா, எலும்புக் கடையா?" என்று அக்கா கத்துவாள். கத்திவிட்டு அதிலேயே சாவியை மாட்டுவாள்.

கணவர் இறந்தபின் அக்கா என்னோடு வந்துவிட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு அந்த எலும்புகள்தான் காரணம் என்பது அவள் கட்சி. வந்த புதிதில் ஆறு மாதம் அவள் சிரிக்கவே இல்லை. அப்போதுதான் கல்லூரி வாசலில் கிடந்த ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்தேன். பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடும். யாராவது வந்து தூக்கட்டும் என்பதுபோல நிமிர்ந்து பார்க்கும். "ஏன், துரை நடக்க மாட்டாரோ?" என்று கேட்டுவிட்டு அக்கா சிரித்தாள். அன்றிலிருந்து அது துரை.

துரைக்கு இரண்டு வயதானபோது அக்காவுக்குச் சர்க்கரை எகிறியது. தினமும் நடந்தே தீர வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். காலையில் அக்காவும் துரையும் ரயில் பாதை மேம்பாலம் வரை ஆடி அசைந்து போய்வருவார்கள். மேம்பாலத்துக்கு எழுபத்திரண்டு படிகள். அதில் ஏற மாட்டார்கள். ஒரு நாள் என்ன தோன்றியதோ, அக்கா ஏறினாள். துரை பாதியில் உட்கார்ந்துவிட்டது. "எந்திரிடா சோம்பேறி" என்று வாரைப் பிடித்து இழுத்தாள். நான்கு படி ஏறியது. ஐந்தாவது படியில் சரிந்தது.

"நான் இழுத்தேன்டா" என்றாள் என்னிடம். அதற்குப் பிறகு துரையைப் பற்றிப் பேசவில்லை. நடக்கப் போகவுமில்லை. மாத்திரையை நான் கையில் கொடுத்தால் விழுங்குவாள், இல்லாவிட்டால் இல்லை. இப்படியே போனால் கண் போய்விடும் என்றார் டாக்டர். "போகட்டும்" என்றாள்.

துரையின் உடலைக் கல்லூரிக்குத்தான் கொண்டுபோயிருந்தேன். பேராசிரியர் இதயத்தை எடுத்து ஸ்கேன் செய்தார். கீழறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் ஓர் ஓட்டை இருந்தது. பிறவியிலேயே வந்தது. திரையில் அதைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியதை அவர் முன்பே சொல்லியிருந்தார். மூன்று மாதக் குட்டியாக ஊசி போடக் கொண்டுபோனபோதே காதில் குழலை வைத்துக் கேட்டு, "இதயத்துல ஏதோ சத்தம் வருது. ஓட விடாதீங்க, படி ஏற விடாதீங்க. ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார். அக்கா அப்போதுதான் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். அடுத்த மாதம் சொல்லலாம், அதற்கடுத்த மாதம் சொல்லலாம் என்று இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டேன். துணிச்சல் இல்லாதவனுக்கு நாள் தள்ளுவது ஒரு பெரிய வேலையா என்ன?

உடலை எரித்தாயிற்று. ஸ்கேன் மட்டும் இருந்தது. இதயக் குறைகளைப் பற்றிய பாடத்துக்கு அதை அச்சடிக்கச் சொன்னார் பேராசிரியர். இரண்டு மடங்கு பெரிதாக, நடுவில் காந்தம் வைத்து, திறந்து மூடும்படி. அந்த அளவில் ஓட்டைக்குள் விரல் நுழையும். எனக்கு மனதில் ஒரு திட்டம் ஓடியது. அக்கா விரலை விட்டுப் பார்க்கட்டும். தான் இழுத்ததால் சாகவில்லை என்று அவளுக்கே புரியும். மற்றதை நான் வாய் திறந்து சொல்லாமலே தப்பித்துக்கொள்ளலாம்.

இயந்திரத்திலிருந்து எடுத்துக் கழுவி, அச்சாகும்போது சரியாமலிருக்க முட்டுக்கொடுத்த குச்சிகளையெல்லாம் குறடால் ஒடித்தெடுத்தேன். திறந்து மட்டும் பார்க்கவில்லை. கை வரவில்லை. அப்படியே துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

துரையின் இதயம், பிறவியிலேயே அதில் ஓர் ஓட்டை என்று சொல்லிக் கொடுத்தேன். அக்கா மடியில் வைத்துத் திறந்தாள். "எங்கடா?"

"நடுச் சுவர்ல பாருக்கா. விரலை வச்சுத் தடவு."

தடவினாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தடவினாள். நான் பிடுங்கிப் பார்த்தேன். சுவர் வழவழவென்று முழுசாக இருந்தது.

எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. எலும்புகளை அச்சடிக்கும்போது, ஸ்கேனில் விழும் சிறு சிறு இடைவெளிகளைக் கம்ப்யூட்டர் தானாகவே அடைத்துவிடும்படி வைத்திருப்பேன். அதற்கு அவை பிழைகள். இதயத்துக்கு அதை நிறுத்தியிருக்க வேண்டும். பழக்கத்தில் மறந்துபோனேன்.

"நல்லாத்தானே இருந்திருக்கு" என்றாள் அக்கா. "அப்ப நான்தான்."

விளக்கினேன். மூச்சுவிடாமல் விளக்கினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள், குழந்தை சொல்லும் பொய்யைக் கேட்பதுபோல.

மறுநாள் சரியாக அச்சடித்தேன். மாலை வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து எடுத்துவந்தேன். ஓட்டை இருந்தது, என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. அக்கா அதைத் தொடக்கூட இல்லை.

"நீதானே செய்யற? நேத்து ஓட்டை இல்லாம செஞ்ச. நான்தான்னு நான் சொன்னதும் இன்னைக்கு ஓட்டை போட்டுக் கொண்டுவந்திருக்க."

"அக்கா, பேராசிரியர்கிட்டயே கேளு."

"அவரு உன் ஆளு. நீ சொல்லச் சொன்னதைத்தான் சொல்லுவாரு. விடுடா, என்னைத் தேத்தணும்னு நெனைக்கற, புரியுது. நல்ல தம்பிதான் நீ."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஓட்டை இருந்தது எனக்குத் தெரியும்க்கா" என்றேன். "குட்டியா இருக்கும்போதே சொல்லிட்டாங்க. படி ஏற விடாதீங்கன்னு சொன்னாங்க. நான்தான் உன்கிட்ட சொல்லல."

இதை அவள் உடனே நம்பினாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு வருஷமா நான் அவனைச் சோம்பேறின்னு திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "நீயும் கூடச் சேர்ந்து சிரிச்சியேடா."

சிரித்தேன்தான். அவள் சிரிக்கிறாளே என்ற சந்தோஷத்தில் சிரித்தேன். அதை எப்படிச் சொல்வது?

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அக்காவின் செருப்பு வாசலில் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து வியர்த்து விறுவிறுத்து வந்தாள். அதற்கப்புறம் ஒரு நாளும் தவறவில்லை. மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். எனக்குச் சாப்பாடு எடுத்து மூடி வைத்தாள். பேசத்தான் இல்லை. முதலில் அச்சடித்த அந்த முழு இதயத்தை ஒரு பையில் போட்டு என் மேசைமேல் வைத்திருந்தாள். மாட்டு முதுகெலும்பில் என் சாவி மட்டும் தொங்கியது; அவளுடையதைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

ஓட்டை உள்ள இதயம் இப்போது வகுப்பறை அலமாரியில் இருக்கிறது. மாணவர்கள் வரிசையாக வந்து அதில் விரலை விட்டுப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் இயந்திர அறையில் எனக்கு ஏதாவது வேலை இருக்கும்.

மூன்று மாதம் கழித்து அக்காவை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "பிரமாதம்மா! சர்க்கரை நல்லா எறங்கியிருக்கு. கண்ணுக்கும் இனிமே பயமில்லை" என்றார். அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

பிறகு ஞாபகம் வந்து திரும்பிக்கொண்டாள்.