பத்தின் தலைமேல் சின்ன எண்

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் சென்டருக்குக் கொமுட்டர் ரயிலில் போகும் நேரத்தில்தான் மாதவி விடைத்தாள் திருத்துவாள். மூன்றாம் படிவக் கணக்கு. பெரிய எண்களைப் பத்தின் அடுக்காகச் சுருக்கி எழுதும் பாடத்தில் யாராவது தப்புப் பண்ணினால் போச்சு. கெஞ்சினாலும் கூத்தாடினாலும் அரை மார்க் பெயராது. அப்படி ஒரு கறார்.

அன்று அவள் மனசு லேசாக இருந்தது. கணவன் குகனுக்கு டெங்கி, ஐந்தாம் நாள். தினமும் கிளினிக்கில் ரத்தம் எடுத்து, லிட்டருக்கு எத்தனை பிளேட்லெட் என்று போனுக்கு அனுப்பிவிடுவார்கள். நேற்று 1.2 × 10¹¹. இன்று காலை அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில் எட்டிப் பார்த்தாள்: 4.8 × 10¹⁰.

"ஏங்க, ஏறிடுச்சு! ஒண்ணு புள்ளி ரெண்டுல இருந்து நாலு புள்ளி எட்டுக்கு வந்துடுச்சு!"

"அதான் காய்ச்சலும் விட்டுடுச்சுல்ல. செமினி டவுனுக்கு ஒரு லோட் இருக்கு, போயிட்டு வந்துடறேன் லா." குகன் லோரி சாவியை எடுத்துக்கொண்டான். நாலு நாளாகப் படுத்தே கிடந்த மனுஷன். அவளும் சரி என்றுவிட்டாள்.

ரயில் சுபாங் ஜெயாவைத் தாண்டும்போது தாமரை என்ற மாணவியின் தாள் கைக்கு வந்தது. 3 × 10⁸, 7 × 10⁷: எது பெரியது? தாமரை இரண்டாவதை வட்டமிட்டிருந்தாள். அட கடவுளே, இதுகளுக்கு எத்தனை தடவை சொல்வது! முன்னால் நிற்கிற எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது, பத்தின் தலைமேல் இருக்கிற சின்ன எண்ணைத்தான் முதலில் பார்க்கவேண்டும். சிவப்புப் பேனாவால் அழுத்தி ஒரு தப்புப் போட்டாள்.

பேனா அப்படியே நின்றுவிட்டது.

போனைத் திறந்தாள். நேற்றுப் பத்தின் தலையில் பதினொன்று. இன்று பத்து. ஏறவில்லை, பாதிக்கும் கீழே விழுந்திருந்தது. காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனமாக இருக்கவேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னது இப்போதுதான் ஞாபகம் வந்தது. உடனே குகனுக்குப் போன் போட்டாள்.

இரண்டு தடவை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாம் தடவை எடுத்தான்.

"எங்க இருக்கீங்க?"

"ஸ்ரீ கெம்பாங்கான் கிட்ட, ஹைவேல. ஏன்?"

"லோரிய ஓரமா நிறுத்துங்க. பிளேட்லெட் ஏறல, இறங்கிடுச்சு. நான் தப்பாப் பார்த்துட்டேன்."

"நீயா?" சிரித்தேவிட்டான்.

"நான்தான்! நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!" அவள் போட்ட சத்தத்தில் ரயில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

நல்லவேளை, நிறுத்தினான். இறங்கியதுமே தலை சுற்றி, லோரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பிறகுதான் சொன்னான். ஆஸ்பத்திரியில் எடுத்தபோது 3.1 × 10¹⁰. நான்கு நாள் கையில் டிரிப்.

ஐந்தாம் நாள் காலை தாதி தாளை நீட்டினாள். 1.04 × 10¹¹.

"ஐயோ, மூணுல இருந்து ஒண்ணுக்கு வந்துடுச்சா?" குகனின் முகம் வெளுத்துவிட்டது.

"இருங்க, பேசாதீங்க."

முழு எண்ணையும் எழுதுகிற பிள்ளைகளிடம் 'காகிதம் என்ன சும்மாவா வருது?' என்று கத்துகிறவள், அந்தத் தாளின் பின்பக்கம் 31 எழுதி ஒன்பது பூஜ்யம் போட்டாள். அதற்குக் கீழே 104 எழுதி ஒன்பது பூஜ்யம். விரல் வைத்து இரண்டு தடவை எண்ணினாள்.

"ஏறிடுச்சு," என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.